முதலாளியின் இன்பாக்ஸைப் பார்த்துக்கொள்வது எப்படி? புதிதாக வரும் பி.ஏ.க்களுக்கு

எம்.டி.யின் மெயில் ஐ.டி.யிலிருந்து "ஓகே" என்று ஒரு வார்த்தை போனால் போதும், பர்ச்சேஸில் இருப்பவர் அதை அனுமதி என்று எடுத்துக்கொண்டு பி.ஓ. (கொள்முதல் ஆணை) போட்டுவிடுவார். அதைத் தட்டியவர் பி.ஏ. என்பதோ, "கொட்டேஷன் வந்து சேர்ந்தது" என்ற அர்த்தத்தில்தான் தட்டினார் என்பதோ அவருக்குத் தெரியாது. இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் மெயில்களின் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் மிரளுகிறார்கள். நாளுக்கு 150 வந்தாலும் இரண்டு வாரத்தில் கை பழகிவிடும். கவனம் வேண்டியது அந்தப் பெயரின் எடையில். மின்னணு வழியில் போட்டது என்ற ஒரே காரணத்தால் ஓர் ஒப்பந்தம் செல்லாமல் போகாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 10ஏ பிரிவு சொல்கிறது. எதை நீங்களே முடிக்கலாம், எதை அவர் கண்ணில் படவைத்தே ஆக வேண்டும் என்ற கேள்வியைச் சுற்றித்தான் கீழே உள்ள ஏற்பாடுகள் எல்லாம்.

பாஸ்வேர்டு வாங்காதீர்கள்

"இந்தாம்மா பாஸ்வேர்டு, பார்த்துக்கோ" என்று சீட்டில் எழுதிக் கொடுக்கும் முதலாளிகள் இன்னமும் இருக்கிறார்கள். நம்பிக்கையால்தான் கொடுக்கிறார், இருந்தாலும் வாங்காதீர்கள். அந்த ஒரு பாஸ்வேர்டில் அவருடைய டிரைவ், போட்டோ, சேமித்துவைத்த மற்ற பாஸ்வேர்டுகள் எல்லாம் திறக்கும். உள்ளே நுழையக் கேட்கும் ஓ.டி.பி. எண் அவர் போனுக்குப் போகும். அவர் விமானத்தில் இருந்தால் உங்கள் வேலை நிற்கும். நாளைக்கு ஒரு சிக்கல் வந்தால், இன்ன மெயிலை அனுப்பியது யார் என்று சொல்ல வழியே இருக்காது. உங்களைக் காப்பாற்றவும் ஒன்றும் இருக்காது.

ஜிமெயிலில் இதற்கென்றே டெலிகேட் வசதி (பாஸ்வேர்டு கொடுக்காமலே தன் மெயிலை இன்னொருவர் கையாள விடுவது) இருக்கிறது. முதலாளி தன் கம்ப்யூட்டரில் ஜிமெயிலைத் திறந்து, செட்டிங்ஸ் போய், "அக்கவுன்ட்ஸ்" பகுதியில் "கிராண்ட் ஆக்சஸ் டு யுவர் அக்கவுன்ட்" என்ற வரியில் உங்கள் ஐ.டி.யைச் சேர்க்க வேண்டும். கம்பெனி அக்கவுன்ட்டில் அந்த வரியே இல்லையென்றால், அட்மின் அந்த வசதியைத் திறந்துவிடவில்லை என்று பொருள், ஐ.டி. டிபார்ட்மென்ட்டைக் கேளுங்கள். அழைப்பு மெயில் உங்களுக்கு வரும். 7 நாளுக்குள் ஏற்காவிட்டால் காலாவதி. ஏற்ற பிறகும் நடைமுறைக்கு வர 24 மணி நேரம் வரை ஆகலாம், அதனால் திங்கள் காலை தேவைப்படும் வேலையை ஞாயிறு இரவு ஆரம்பிக்காதீர்கள்.

அதே இடத்தில் ஒரு சின்னத் தேர்வு இருக்கும்: நீங்கள் திறந்து பார்த்த மெயில் "படித்தது" என்று மாற வேண்டுமா, படிக்காதது போலவே தடிமனாக நிற்க வேண்டுமா? போனில் தடிமன் எழுத்தை வைத்தே மெயில் பார்க்கும் முதலாளி என்றால், இரண்டாவதைப் போடச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மேலோட்டமாகத் திறந்து பார்த்த மெயிலை அவர் பார்க்கவே மாட்டார். நீங்களும் அவர் பார்த்திருப்பார் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

அவுட்லுக்கில் "அக்கவுன்ட் செட்டிங்ஸ்" கீழே "டெலிகேட் ஆக்சஸ்". ரிவ்யூவர் என்றால் படிக்க மட்டும். ஆத்தர் என்றால் படிக்கலாம், புதிதாக எழுதலாம். எடிட்டர் என்றால் இருப்பதை மாற்றவும் அழிக்கவும் முடியும். பி.ஏ.வுக்கு இன்பாக்ஸிலும் காலண்டரிலும் எடிட்டர் உரிமை வேண்டும். இங்கே புதியவர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. இன்பாக்ஸுக்கு உரிமை கொடுத்தாலும் அதற்குள் ஏற்கெனவே இருக்கும் ஃபோல்டர்களுக்கு அது தானாகப் போகாது. ஒவ்வொன்றுக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். இன்னொன்று, அவர் சார்பில் நீங்கள் அனுப்பும் மெயில் வழக்கமாக உங்கள் சென்ட் ஃபோல்டரில்தான் விழும். அவர் தன் சென்ட்டில் தேடி, "போகவே இல்லையே" என்பார். இதை அட்மின் மாற்றிவைக்க முடியும், முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

இரண்டுக்கும் முக்கியமான வேறுபாடு ஒன்று உண்டு. அவுட்லுக்கில் ஃபோல்டர் வாரியாகக் கதவைத் திறக்கலாம், மூடலாம். பேங்க் ஸ்டேட்மென்ட், டாக்டர் ரிப்போர்ட், பிள்ளைகளின் பள்ளி மெயில் இவற்றையெல்லாம் ஒரு ரூல் போட்டு, உங்களுக்கு உரிமை இல்லாத ஃபோல்டருக்குத் தள்ளிவிடலாம். ஜிமெயிலில் அப்படி முடியாது. டெலிகேட் ஆனால் எல்லாம் தெரியும். அங்கே குடும்பம், பேங்க் சம்பந்தப்பட்டதைத் தனி ஐ.டி.க்கு மாற்றச் சொல்வதுதான் வழி. இதை நீங்களே எடுத்துச் சொன்னால் முதலாளிக்கு உங்கள் மேல் மதிப்பு கூடும்.

முதல் இரண்டு வாரம்: பதில் எழுதாதீர்கள்

இந்த இரண்டு வாரத்தில் உங்கள் பாடப்புத்தகம் அவருடைய சென்ட் ஃபோல்டர். கடைசி மூன்று மாதத்தைப் படியுங்கள். யாருக்கு அரை மணியில் பதில் போயிருக்கிறது, யாருக்கு நான்கு நாள் ஆகியிருக்கிறது, யாரிடம் "டியர் சார்", யாரிடம் வெறும் பெயர் என்று பாருங்கள். இருபது வருடப் பழக்கமுள்ள டீலருக்கு அவர் "அண்ணே" என்று ஆரம்பித்து எழுதியிருப்பார். அந்த "அண்ணே" அவர் கையால் மட்டுமே போக வேண்டியது. நீங்கள் எழுதி அவர் பெயரில் அனுப்பினால், மறுநாள் போனில் பேசும்போது டீலருக்கு அது எப்படியும் தெரிந்துவிடும். அந்த மாதிரி ஆட்களை ஒரு பக்கத்தில் முக்கியஸ்தர் பட்டியலாகப் போடுங்கள். பெரும்பாலும் 15 பேரைத் தாண்டாது. அவர்கள் மெயில் எது வந்தாலும் நேராக அவருக்கு.

கூடவே அதிகாரப் பட்டியல் ஒன்று எழுதி, அவரிடம் மெயிலிலேயே "சரி" வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தை போதாது. கேட்காமலே நீங்கள் செய்யலாம் என்ற பக்கத்தில் வருபவை: மீட்டிங் நேரத்தை உறுதிசெய்வது, டாக்குமென்ட் வந்து சேர்ந்தது என்று சொல்வது, சரியான டிபார்ட்மென்ட்டுக்கு அனுப்பிவைப்பது, விற்பனை அழைப்புகளைத் தட்டிக்கழிப்பது. பணம், வேலை நியமனம், தேதி வாக்குறுதி, மன்னிப்பு, மறுப்பு, இரங்கல் ஆகிய ஆறும் அவர் பார்க்காமல் போகக் கூடாதவை. இரங்கலுக்கு டெம்ப்ளேட் வைத்திருப்பவர்களைப் பார்த்தால் கோபம்தான் வருகிறது.

வந்து சேர்ந்ததற்கான பதிலில் வார்த்தையைப் பார்த்துப் போடுங்கள். "நோட்டட்", "ஓகே", "ஃபைன்" மூன்றும் ஆபத்து. "கொட்டேஷன் கிடைத்தது. சார் பார்த்துவிட்டு வியாழனுக்குள் பதில் சொல்வார். – எம்.டி. அலுவலகம்" என்று எழுதினால் யாரும் பி.ஓ. போட மாட்டார்கள். கடைசியில் உள்ள "எம்.டி. அலுவலகம்" முக்கியம். அவர் பெயரில் போகும் மெயில், உங்கள் பெயரில் போகும் மெயில், அலுவலகத்தின் பெயரில் போகும் மெயில் என்று மூன்று குரலைப் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்கு லேபிள், அதற்கு மேல் வேண்டாம்

புதிதாக வருகிறவர்கள் உற்சாகத்தில் 30 ஃபோல்டர் போடுவார்கள்: கஸ்டமர், டீலர், பேங்க், ஆடிட், பிளான்ட் 1, பிளான்ட் 2… ஒரே மெயில் மூன்றிலும் பொருந்தும், எதில் போட்டோம் என்று பிறகு தேட வேண்டும். விஷயத்தை வைத்துத் தேடுவதற்குத் தேடல் பெட்டி இருக்கிறது. லேபிள் சொல்ல வேண்டியது, அடுத்து யார் கை வைக்க வேண்டும் என்பதை.

1-முடிவு: அவர் சொல்ல வேண்டியது.
2-டிராஃப்ட்: நீங்கள் எழுதிவைத்துவிட்டீர்கள், அவர் பார்த்து அனுப்ப வேண்டும்.
3-காத்திருப்பு: நம்மிடமிருந்து போய்விட்டது, எதிர்ப்பக்கம் பதில் வர வேண்டும்.
4-படிக்க: அவசரமில்லை, கார் பயணத்தில் பார்க்கலாம்.

முன்னால் எண் போடுவது, லேபிள்கள் அகர வரிசையில் நிற்பதால் இவை நான்கும் மேலே வரட்டும் என்பதற்காக. மற்றதெல்லாம் ஆர்க்கைவ் (அழிக்காமல் இன்பாக்ஸிலிருந்து மட்டும் எடுத்துவைப்பது). டிலீட் வேண்டாம், ஜிமெயிலில் டிராஷுக்குப் போனது 30 நாளில் அழிந்துவிடும்.

ஃபில்டர் (வரும் மெயிலைத் தானாகப் பிரிக்கும் விதி) போடும்போது ஓர் ஒழுங்கு வேண்டும். முதலில் அந்த நிபந்தனையை வெறுமனே தேடிப் பார்த்து, என்னென்ன சிக்குகிறது என்று பாருங்கள். பிறகு லேபிள் மட்டும் ஒட்டும்படி ஃபில்டர் போட்டு இரண்டு வாரம் ஓடவிடுங்கள். வேண்டிய மெயில் ஒன்றும் அதில் மாட்டவில்லை என்றால்தான் இன்பாக்ஸுக்கு வராதபடி மாற்றலாம். "அன்சப்ஸ்கிரைப்" என்ற சொல் இருந்தால் ஒதுக்கு என்று ஒரே போடாகப் போடுவது பலர் செய்யும் வேலை. விளம்பரங்களோடு சேர்த்து, அந்தச் சொல்லை அடியில் வைத்து வரும் போர்ட்டல் மெயில்களும் போய்விடும். ஜி.எஸ்.டி. பதிவை ஏன் ரத்துசெய்யக் கூடாது என்று கேட்டு வரும் நோட்டீஸுக்கு 7 வேலைநாளுக்குள் பதில் தர வேண்டும். கம்பெனிகள் சட்டம் 2013-இன்படி போர்டு மீட்டிங்குக்குக் குறைந்தது 7 நாள் முன்னறிவிப்பு, அது மெயிலிலும் வரலாம். இப்படிப்பட்டவை ஓரமாகக் கிடந்தால் ஒரு வாரம் போனதே தெரியாது. அதனால் அரசு முகவரிகள், ஆடிட்டர், கம்பெனி செக்ரட்டரி, வக்கீல், பேங்க் இவர்களுக்கு "ஸ்பேமுக்கு அனுப்பாதே" என்று தனி ஃபில்டர். ஸ்பேம் ஃபோல்டரைத் தினமும் ஒருமுறை புரட்டுங்கள், இரண்டு நிமிட வேலை.

ஒரு நாளின் ஓட்டம்

மூன்று சுற்று போதும்: காலை 8.30, மதியம் 12.30, மாலை 5. இடையில் முக்கியஸ்தர் பட்டியலில் உள்ளவர்களின் மெயிலுக்கு மட்டும் அறிவிப்பு வரட்டும். காலைச் சுற்றில் முதலில் கழிக்க வேண்டியதைக் கழியுங்கள், அப்புறம் பழையதிலிருந்து புதியதற்கு வாருங்கள். ஒரே பேச்சில் ஏழு மெயில் இருந்தால் கடைசி மெயிலைப் படித்தால்தான் நிலவரம் தெரியும். மூன்றாவதைப் பார்த்துப் பதில் எழுதினால் சிரிப்பார்கள்.

9 மணிக்கு அவருக்கு ஒரு குறிப்பு போக வேண்டும். மெயிலில் போகலாம், அவர் வாட்ஸ்அப் ஆள் என்றால் அதில் போகலாம். அதன் உருவம் இப்படி:

"காலை வணக்கம் சார். இன்று 3 முடிவு வேண்டும்.
1. ஈரோடு டீலர் 45 நாள் கிரெடிட்டை 60 ஆக்கக் கேட்கிறார். சேல்ஸ் கொடுக்கலாம் என்கிறது. அக்கவுன்ட்ஸில் பழைய பாக்கி 4.2 லட்சம் நிற்கிறது. கொடுக்கலாமா?
2. ஆடிட்டர் புதன் 11 மணி கேட்கிறார். கொடுத்தால் பிளான்ட் ரிவ்யூ மாலை 4-க்குப் போகும். மாற்றவா?
3. மதுரை சப்ளையர் வீட்டுக் கல்யாணம், அடுத்த மாதம் 12. அன்றே திருச்சியிலும் ஒரு முகூர்த்தம் இருக்கிறது. எதற்கு நேரில்?
தகவலுக்கு: பேங்க் ரினியூவல் பேப்பர் வந்துவிட்டது, ஃபைனான்ஸுக்கு அனுப்பிவிட்டேன்."

ஒவ்வொரு வரியிலும் என்ன கேட்கிறார்கள், யார் என்ன சொல்கிறார்கள், எதைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இருக்கிறது. அவர் லிஃப்டில் நின்றபடி "1 வேண்டாம், 2 சரி, 3 மதுரை" என்று பதில் போட முடிய வேண்டும். கிரெடிட் கேட்ட மெயிலை மட்டும் ஃபார்வர்டு செய்து "பார்க்கவும் சார்" என்று எழுதினால், பழைய பாக்கியை அவர் தேட வேண்டும். அந்தத் தேடல் உங்கள் வேலை.

கல்யாணப் பத்திரிகை பிடிஎஃப்களை ஏனோதானோ என்று ஆர்க்கைவ் செய்துவிடாதீர்கள். வந்த அன்றே தேதி, முகூர்த்த நேரம், ஊர், மண்டபம் காலண்டரில் ஏற வேண்டும். வளர்பிறை முகூர்த்த நாள் என்றால் ஒரே தேதியில் மூன்று நான்கு விழும். போகவில்லை என்றால் வருத்தம் தெரிவித்து ஒரு வரியாவது போக வேண்டும். ஒரு ஆர்டர் நழுவியதை மறப்பார்கள், இதை மறக்க மாட்டார்கள்.

டிராஃப்ட் எழுதும்போது "டூ" இடத்தைக் காலியாக விடுங்கள். ஜிமெயிலில் உங்கள் டிராஃப்ட் அவர் போனிலும் தெரியும். "தொகை XX லட்சம், ஃபைனான்ஸிடம் கேட்டுப் போடணும்" என்று நீங்கள் பாதியில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போன நேரத்தில், முடிந்துவிட்டது என்று நினைத்து அவர் சென்ட் அழுத்திவிடலாம். முகவரி இல்லாத மெயில் போகாது.

அவர் பதிலைப் போனிலோ வாட்ஸ்அப்பிலோ சொல்லி முடித்துவிட்டு உங்களிடம் சொல்லாமல் இருப்பதும் நடக்கும். நீங்கள் மறுபடி மெயில் போட்டால், எதிர்ப்பக்கம் இரண்டு பதில். அதனால் மாலை 5 மணிச் சுற்றில், "1-முடிவு" லேபிளில் மிஞ்சியவற்றைப் பெயர் சொல்லிக் கேட்டுவிடுங்கள்: "இவரிடம் பேசிவிட்டீர்களா சார்?"

காத்திருப்பு லேபிள்

வந்த மெயிலை எல்லோரும் பார்க்கிறார்கள். போன மெயிலுக்குப் பதில் வந்ததா என்று பார்ப்பவர் அலுவலகத்தில் அநேகமாக நீங்கள் ஒருவர்தான். கேள்வியோடு போன ஒவ்வொரு மெயிலுக்கும் "3-காத்திருப்பு" ஒட்டுங்கள். பதில் வந்தால் எடுத்துவிடுங்கள். செவ்வாயும் வெள்ளியும் அந்த லேபிளை முழுக்கப் பாருங்கள். 3 வேலைநாள் தாண்டியது என்றால் அதே மெயிலின் மேலேயே ஒரு நினைவூட்டல்; புது மெயில் தொடங்கினால் பழைய பேச்சு அறுந்துவிடும். இரண்டாவது நினைவூட்டலுக்கும் சத்தமில்லை என்றால் மூன்றாவது எழுதாமல் எதிர்ப்பக்கத்தவரின் பி.ஏ.வுக்குப் போன் போடுங்கள். பி.ஏ.க்களுக்குள் ஒரு நல்லுறவு இருந்தால் பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும்.

சென்ட் அழுத்துவதற்கு முன்

பெயர். "கார்த்திக்" என்பதன் முதல் நான்கு எழுத்து அடித்தாலே எட்டுப் பேர் வருவார்கள். இனிஷியல் முன்னால் இருக்கும் நம் வழக்கத்தில், பட்டியலில் ஒருவர் "எஸ். கார்த்திக்", இன்னொருவர் "கார்த்திக் எஸ்." என்று இருப்பார்; ஒருவர் நம் எச்.ஆர்., இன்னொருவர் போட்டிக் கம்பெனிக்கும் சப்ளை செய்பவர். முகவரியில் கம்பெனிப் பெயர் வரை படியுங்கள்.

ஃபார்வர்டு. கீழே தொங்கும் வால் முழுவதையும் உருட்டிப் பாருங்கள். மேலே இரண்டு வரி நல்ல பேச்சாக இருக்கும். ஆறு மெயிலுக்குக் கீழே "இந்த ஆளுக்கு 8 சதவீதத்துக்கு மேல் கொடுக்காதே" என்று இருக்கும். எக்செல் என்றால் மறைத்துவைத்த ஷீட் இருக்கிறதா என்று பார்த்து, முடிந்தால் பிடிஎஃப்பாக மாற்றி அனுப்புங்கள்.

பி.சி.சி. இதில்தான் அனுபவசாலிகளே சறுக்குவார்கள். யாரோ உங்கள் முதலாளியை ரகசியமாக பி.சி.சி.யில் வைத்து ஒரு மெயில் அனுப்பியிருப்பார். நீங்கள் ரிப்ளை ஆல் அழுத்தினால், அவர் அதில் இருந்தது எல்லோருக்கும் தெரிந்துவிடும். டூவிலும் சி.சி.யிலும் முதலாளியின் முகவரி இல்லையென்றால் பதில் எழுதாதீர்கள், அவரிடம் கேளுங்கள்.

தேதி. "அடுத்த வெள்ளி" என்பதை இரண்டு பேர் இரண்டு விதமாகப் புரிந்துகொள்வார்கள். 05/06 என்பது அமெரிக்கருக்கு மே 6. நாள், மாதத்தின் பெயர், இந்திய நேரம் மூன்றையும் எழுதுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். நியூயார்க் கோடையில் ஒன்பதரை, குளிர்காலத்தில் பத்தரை மணி நேரம் பின்னால். வருடத்தில் இரண்டு முறை வாராந்தர போன் மீட்டிங் தடம் புரள்வது இதனால்தான்.

ஜிமெயிலில் அனுப்பியதைத் திரும்ப எடுக்கும் நேரம் முதலில் 5 நொடியாக இருக்கும், 30-க்கு ஏற்றிவிடுங்கள். அவுட்லுக்கில் எல்லா மெயிலும் 2 நிமிடம் நின்று போகும்படி ரூல் போடலாம். அதிலுள்ள ரீகால் வசதியை நம்ப வேண்டாம், வெளி ஆட்களுக்குப் போனதை அது திரும்பக் கொண்டுவராது.

பணம் கேட்டு வரும் மெயில்

மோசடிக்காரர்களுக்கு எம்.டி.யைவிட அவருடைய பி.ஏ. மேல்தான் கண். வழக்கமான சப்ளையரின் பெயரில் "எங்கள் பேங்க் அக்கவுன்ட் மாறிவிட்டது, இனி இதில் போடவும்" என்று வரும். பழைய இன்வாய்ஸ் எண்கூடச் சரியாக இருக்கும். முகவரியில் ஒரே ஓர் எழுத்து வேறு: ஆங்கில ஆர், என் இரண்டும் ஒட்டி நின்றால் எம் போலத் தெரியும், ஓவுக்குப் பதில் சைபர் இருக்கும். அல்லது முதலாளியே அனுப்பியது போல, "மீட்டிங்கில் இருக்கிறேன், போன் பண்ணாதே, உடனே அனுப்பு" என்று வரும். "போன் பண்ணாதே" என்று இருந்தாலே போன் பண்ணுங்கள். அக்கவுன்ட் மாற்றம் என்றால் அந்த மெயிலில் உள்ள எண்ணுக்கு அடிக்காமல், உங்களிடம் முன்பிருந்தே இருக்கும் எண்ணில், தெரிந்த குரலிடம் கேட்டு உறுதிசெய்யுங்கள். பணம் போய்விட்டது என்றால் அடுத்த நிமிடமே பேங்குக்கும் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்தடுத்த அக்கவுன்ட்டுக்குக் கைமாறுவதற்குள் நிறுத்த முடிந்தால் உண்டு.

இதே காரணத்தால், அவர் வெளியூர் போகும்போது வைக்கும் தானியங்கிப் பதிலில் "10 நாள் ஜெர்மனி" என்று எழுதாதீர்கள். "18-ஆம் தேதி வரை பதில் தாமதமாகலாம், அவசரம் என்றால் எம்.டி. அலுவலகத்தைத் தொடர்புகொள்ளவும்" என்பது போதும்.

நீங்கள் லீவில் போகும்போது

உங்களுக்குப் பதிலாக வருபவருக்கு உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காமல், அவரையும் தனி டெலிகேட்டாகச் சேர்க்கச் சொல்லுங்கள். முக்கியஸ்தர் பட்டியல், அதிகாரப் பட்டியல், காத்திருப்பில் நிற்பவை என்று மூன்று தாள் போதும் அவருக்கு. வேலையை விட்டே போகிறீர்கள் என்றால் கடைசி நாளில் டெலிகேட் பட்டியலிலிருந்து உங்கள் பெயரை எடுக்கச் சொல்லி, எடுத்தாரா என்று உள்ளே நுழைய முயன்று பாருங்கள். உங்கள் ஐ.டி.க்குத் தானாகக் காப்பி அனுப்பும் ஃபில்டர் ஏதாவது இருந்தால் அதையும் அழிக்க வேண்டும். பலர் மறப்பது தானியங்கிப் பதிலில் உங்கள் செல் நம்பர் இருப்பதை. எடுக்காவிட்டால் அடுத்த தீபாவளிக்கும் டீலர்கள் உங்களைத்தான் கூப்பிடுவார்கள்.